முப்பது பேர் சண்டை

எதையும் எண்ணிப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. அன்று எண்ணியபோது எங்கள் பக்கம் இருபத்தெட்டுப் பேர்தான். இரண்டு குறைந்தது.

கடலூர் முதுநகரில் எங்கள் மாதாகோயில் தெருவுக்கும் மீனவர் குப்பத்துக்கும் நடுவே ஒரு மணல்திட்டு. இரு தரப்புப் பையன்களுக்கும் பந்து விளையாட வேறு இடமில்லை. அடிக்கடி மண்டை உடைந்தது. இனி ஒரு கல் விழுந்தாலும் முள்வேலி போட்டுவிடுவதாகப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் புதுச்சேரியிலிருந்து மாமா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரிட்டனிக்காரர் ஒருவரோடு ஒரே கூடாரத்தில் படுத்தவர். பிரான்சின் மேற்கு மூலையில் இருக்கிறது பிரிட்டனி. ஆனால் தனி மொழி, ஒரு காலத்தில் தனிக் கோமகன். அந்தப் பதவிக்காக நடந்த போரில், பிரிட்டனிக் கோட்டைக்காரன் ஒருவனும் ஆங்கிலேயக் கோட்டைக்காரன் ஒருவனும் ஓர் ஒப்பந்தம் செய்தார்களாம். ஆளுக்கு முப்பது பேர். ஓர் ஓக் மரத்தடி. நடுவில் இளைப்பாற இடைவேளை, மது. தாகமாக இருக்கிறது என்று சொன்ன பிரிட்டனித் தலைவனிடம், 'உன் ரத்தத்தைக் குடி' என்றானாம் அவனுடைய வீரனே. கடைசியில் ஒருவன் குதிரை ஏறிப் பாய்ந்து ஆங்கிலேயர் வரிசையை உடைத்தான், பிரிட்டனி வென்றது. இன்று நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. சொன்ன எண்ணிக்கையில் வந்து நின்றார்களே, அதற்கே அவர்களைக் கும்பிடலாம்.

"நீங்களும் அதே மாரி போடுங்கடா. ஜெயிச்சவனுக்கு மணல்திட்டு," என்றார் மாமா. ஆயுதம் வாழைமட்டை. விசில் அவரிடம்.

குப்பத்துத் தலைவனிடம் முப்பத்திரண்டு பேர். எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னா மச்சான், ஆள் பத்தலியா? எங்காளு ரெண்டு பேர இட்டுக்கினு போ. சண்ட முடிஞ்சதும் பத்தரமா திருப்பி அனுப்பிடு."

எந்தப் பக்கம் பிரிட்டனி என்பதில் அடுத்த தகராறு. தோற்கிற ஆங்கிலேயராக இருக்க யாரும் சம்மதிக்கவில்லை. இரண்டு பக்கமும் பிரிட்டனிதான் என்று மாமா தீர்ப்புச் சொன்னார்.

நான்தான் குதிரைக்காரன். அப்பாவின் சைக்கிளைக் கெஞ்சி வாங்கி வந்திருந்தேன். இடைவேளைக்குப் பிறகு பாய வேண்டும்.

மட்டைகள் கிழிந்தன. ஒருவனுக்கு உதடு வீங்கியது. மாமா விசில் ஊதினார். பானை நிறைய நன்னாரி சர்பத் வந்தது. அறுபது பேரும் கலந்து உட்கார்ந்தோம். இரவல் ஆட்கள் எந்தப் பக்கம் என்பதே மறந்துபோனது. யாரோ ஒருவன் பந்தை உருட்டினான்.

நான் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். "மாமா, விசில்!"

"இரு மாப்ள, இன்னும் குடிச்சி முடிக்கல."

நான் பானையை எட்டிப் பார்த்துவிட்டேன். காலி. மாமா விசிலை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டும்வரை பந்தாட்டம் நடந்தது. விசில் வரவேயில்லை. வேலியும் வரவில்லை.

அழுதுகொண்டே சைக்கிளைத் தள்ளி வந்து, மாமாவுக்கு மறதி வந்துவிட்டது என்று அம்மாவிடம் புகார் சொன்னேன். அம்மா, என் பின்னாலேயே வந்து நின்ற தன் அண்ணனின் வலது கையைப் பார்த்தாள்.

அந்தக் கையில் மூன்று விரல்கள். முன்பே எண்ணி வைத்திருந்தேன். இரண்டு குறைந்தது. எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.