சுவரில் தெரிந்த அன்னம்

பெருமை பேசாவிட்டால் தினகரனுக்குப் பொழுது போகாது. 2003இல் நெசவாளர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்துச் சேலை டிசைன் போட ஆரம்பித்தவன், "எங்கிட்ட வந்த டிசைன் வெளிய போகாதுமா" என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தான். சென்னைக் கடைகளுக்கு இமெயிலில் அனுப்பும் படங்களை யாரும் பார்க்க முடியாமல் பூட்ட, அவனே புரோகிராமும் எழுதினான்.

இரண்டு முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தான். ஒன்று, படத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் ஒரே ரகசிய எண்ணைச் சாவியாக வைத்துக் குலைக்கும். இன்னொன்று, முதலில் புள்ளிகளையெல்லாம் இடம் மாற்றிக் கலைத்து, அதன் பிறகே குலைக்கும். நேரம் இரண்டு மடங்கு. கருடசேவைத் திருவிழாக் கூட்டத்தின் போட்டோவை வைத்துச் சோதித்தான். இரண்டிலும் ஒன்றும் புரியாத புள்ளிகள்தான் வந்தன. அப்புறம் எதற்கு மெனக்கெட வேண்டும்? வேகமானதையே வைத்துக்கொண்டான்.

அதோடு விட்டானா? வீட்டில் தறி வைத்திருந்த கிருஷ்ணம்மாள், தானே யோசித்து வரைந்த அன்ன டிசைனை அவனிடம் கொடுத்திருந்தார். அதைப் பூட்டி, வந்த புள்ளிக் குப்பையைப் பெரிதாக அச்சடித்து, 'உங்கள் டிசைன் இங்கே பத்திரம்' என்று கடைச் சுவரில் ஒட்டினான்.

இரண்டே மாதத்தில், கழுத்தைத் திருப்பிய அதே அன்னம் வேறொருவர் சேலையில் வந்துவிட்டது. கிருஷ்ணம்மாள் தன் தறியில் பதினோரு வருஷமாக நெய்த மாணிக்கவாசகம்தான் டிசைனை வெளியே கொடுத்தார் என்று சந்தேகப்பட்டு, அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

அதைக் கேள்விப்பட்ட அன்று, எதிர்ப்பக்கம் நின்று டீ குடித்த தினகரன் தற்செயலாகச் சுவரைப் பார்த்தான். தூரத்திலிருந்து அன்னம் தெரிந்தது! கூட்டத்தின் போட்டோவில் ஒரு துண்டு மாதிரி இன்னொன்று இருக்காது. சேலை டிசைனில் ஒரே நிறம் திரும்பத் திரும்ப வரும். ஒரே மாதிரித் துண்டெல்லாம் ஒரே மாதிரிதான் குலையும்; உருவத்தின் கோடு அப்படியே நிற்கும். கட்டம் கட்டமாகப் பார்த்தே பழகிய நெசவாளர் கண்ணுக்கு அது போதாதா?

தாளைக் கிழித்தான். வாயை மட்டும் திறக்கவில்லை. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். ஊருக்கெல்லாம் பேசியவனுக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. மாணிக்கவாசகம் எதிரே வந்தால் சைக்கிளைச் சந்துக்குள் திருப்பினான்.

நாலாம் நாள் கிருஷ்ணம்மாள் புது டிசைனோடு வந்தார். "யாரையும் நம்ப முடியலப்பா. நீ ஒருத்தன்தான்."

வாங்கி வைத்துக்கொண்டான்.

எட்டாம் நாள் தாங்க முடியாமல் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான். "தப்பு என்னுதுமா. மாணிக்கவாசகம் மேல ஒண்ணும் இல்ல."

கிருஷ்ணம்மாள் ஆளில்லாத தறியைப் பார்த்தார். திட்டவில்லை.

"எப்பப்பா தெரிஞ்சுது?"

"எட்டு நாளாச்சுமா."

"அப்ப, எல்லாம் தெரிஞ்சுக்கினுதான் என் புது டிசைன வாங்கி வச்சியா?"