கையில் மிஞ்சிய சிவப்பு நோட்டீஸ்

டெல்பர்ட் ஸ்காக்ஸ் கையில் ஒரு நோட்டீஸ் மிஞ்சிவிட்டது.

காலையில் மேனேஜர் கோரீன் கொடுத்த சிவப்புக் காகிதங்களை, வீட்டு வண்டிகள் நிற்கும் 'மூணு கள்ளி' முகாம் முழுக்க அவர்தான் ஒட்டிக்கொண்டு வந்தார். சரக்கு வேனைக் குடைந்து உள்ளே கட்டில் போட்டவர்களுக்கு ஒட்டியாயிற்று. கூரை ஒழுகாமல் தார்ப்பாய் கட்டி வைத்திருந்த ட்ரெய்லருக்கும் ஆயிற்று. கடைசியாக ஆம்ப்ரோஸ் யோக்கமின் துருப்பிடித்த ட்ரெய்லர். கிழவர் வாசலிலேயே நாற்காலி போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா இது, காதல் கடிதமா? என் பொண்டாட்டி செத்ததுக்கப்புறம் எனக்கு யாருமே எழுதலையே!"

"படிச்சுப் பாரும். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணுமாம். ரொம்பப் பழைய வண்டிக்கு இனிமே இங்க இடமில்ல. பஸ்ஸையோ வேனையோ வீடா மாத்தினதுக்கும் இல்ல. கம்பெனியிலேயே வீட்டு வண்டியா செஞ்சு வந்தது மட்டும்தான் நிக்கலாம்."

"நேத்து ராத்திரி என்கூட சீட்டு ஆடினியே, அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சட்டம்னா சட்டம்தான் ஆம்ப்ரோஸ். என்னை முறைச்சு என்ன ஆகப்போகுது?"

டெல்பர்ட் அப்படித்தான் பேசுவார். கன்சாஸில் ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்த்தே தலை நரைத்தவர். பிரேக்கில் தவறு வந்தால் பிள்ளைகள் சாகும் என்ற பயத்திலேயே வாழ்ந்தவருக்குச் சட்டம் எல்லாம் பிரேக் மாதிரி. வேலையை விட்டபோது ஏலத்துக்கு வந்த ஒரு பழைய பஸ்ஸை வாங்கினார். சீட்டுகளைப் பிடுங்கி எறிந்தார், கூரையை அறுத்து உயர்த்தினார், அடுப்பு வைத்தார், குளியலறை கட்டினார். பஸ்ஸின் மஞ்சள் நிறத்தைச் சுரண்டி வெள்ளையும் பழுப்புமாகப் பெயின்ட் அடித்தார். மனைவி நோரீன் சன்னல் திரைகள் தைத்தாள். குளிர்காலத்துக்கு என்று அரிசோனா வந்தவர்கள், நோரீனின் சிறுநீரகம் கெட்ட பிறகு திரும்பவே இல்லை. டயாலிசிஸ் செய்யும் இடம் முகாமிலிருந்து கூப்பிடு தூரம். சுற்றுவட்டாரத்தில் வேறு எங்கே தங்கினாலும் பாலைவனத்தில் மணிக்கணக்கில் கார் ஓட்ட வேண்டும். வாரத்துக்கு மூன்று தடவை அவளால் அது முடியாது என்று டெல்பர்ட் முடிவு கட்டியிருந்தார். அதற்காகவே முகாமின் காவல்காரர் வேலையை ஏற்றுக்கொண்டார். வாசலோரம் மர நிழலில் இடம், கரண்ட், தண்ணீர் எல்லாம் இனாம். பதிலுக்குக் குளியலறை கழுவுவது, வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது, மீறுகிறவர்களை விரட்டுவது.

மிஞ்சின காகிதத்தை மடித்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார்.

"ஒண்ணு கூடக் குடுத்துட்டீங்கம்மா."

கோரீன் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்தாள். முகாமைப் புதிதாக வாங்கிய முதலாளிகள் அனுப்பிய பெண். மகள் வயதுதான் இருக்கும்.

"கூட இல்லையே டெல்பர்ட். சரியாத்தான் குடுத்தேன்."

"எல்லாருக்கும் ஒட்டிட்டேன். இது மீதி."

"அது உங்களோடது."

டெல்பர்ட் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு பாதியில் நின்று பல் மட்டும் வெளியே தெரிந்தது.

"என்னம்மா சொல்றீங்க? என்னோடது வீடு. அரசாங்கத்துப் பதிவுலயே வீட்டு வண்டின்னுதான் இருக்கு!"

"பதிவு எப்படி வேணா இருக்கட்டும். கம்பெனியில செஞ்சதா? அது பஸ் டெல்பர்ட். பக்கவாட்டுல ஆணி வரிசை அப்படியே தெரியுது."

"பஸ்ஸா?"

அந்தச் சொல்லை அவர் தன் வீட்டைப் பார்த்துச் சொல்லி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இத்தனை நாள் அதில் தூங்கி எழுந்தவருக்கு அது பஸ் என்பது மறந்தே போயிருந்தது.

கோரீன் குரலைத் தணித்தாள். "எனக்கே புரியல. சட்டத்தைச் சொன்னதே நீங்கதானே? நான் வந்த புதுசுல வச்ச முதல் விருந்துல, என்ன குறைன்னு நான் கேட்டப்ப, நீங்கதான் எந்திரிச்சு நின்னு, பஸ்ஸுல வர்றவங்கள உள்ள விடாதீங்கன்னீங்க. எல்லாரும் கைதட்டினாங்க. நான் அதையே மேல அனுப்பினேன்."

டெல்பர்ட் மடித்த காகிதத்தை மறுபடி பிரித்தார். சொன்னது வாஸ்தவம். பஸ்ஸில் வந்த ஒரு கூட்டம் பாத்திரம் கழுவின தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டுப் போன கோபத்தில், கையில் பீன்ஸ் குழம்புக் கிண்ணத்தோடு எழுந்து நின்று முழங்கினார். நோரீனும் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டினாள். தங்களுடையதும் பஸ்தான் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

"இருங்க, வழி இருக்கு," என்றாள் கோரீன். "நீங்க காவல்காரர். உங்க வண்டியை நான் பார்க்காத மாதிரி இருந்துக்கறேன். மத்தவங்கள மட்டும் மாசக் கடைசிக்குள்ள சத்தமில்லாம அனுப்பிவிட்டுருங்க. உங்களைத் தவிர யாராலயும் முடியாது."

டெல்பர்ட் சரி என்றுதான் சொன்னார். நோரீன் டயாலிசிஸ் நாற்காலியில் ஊசியோடு கிடப்பதை நினைத்துக்கொண்டு சொன்னார். வெளியே வந்தபோது போன உயிர் திரும்பின மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கரண்ட் ஒயர் பிடுங்கிச் சுருட்டிக் கிடந்தது. நோரீன் குனிந்து தண்ணீர்க் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏய், என்ன பண்ற நீ?"

"தெரியலையா? மூட்டை கட்டுறேன்." அவள் நிமிராமலே பேசினாள். "ஆம்ப்ரோஸ் வந்து காகிதத்தைப் படிச்சுக் காட்டினாரு. பஸ்னு கேட்டதுமே எனக்குத் திக்குனு ஆயிருச்சு. ஏன்யா, நாமளும் பஸ்தானே?"

"பேசிட்டு வந்துட்டேன் நோரீன். நமக்கு ஒண்ணுமில்ல. நாம இருக்கலாம்."

"நாம மட்டுமா?"

அவர் சுருண்டு கிடந்த ஒயரைக் குனிந்து எடுத்தார்.

"அப்ப நாளைக்கு ஆம்ப்ரோஸைக் கழுத்தைப் புடிச்சுத் தள்ளப்போறது நீயா?"

"உனக்காகத்தான்டி! டயாலிசிஸுக்கு எப்படிப் போவ?"

"உக்காந்துகிட்டுத்தான் போவேன். அங்க நாலு மணி நேரம் உக்கார்றவ கார்ல இன்னும் கொஞ்சம் உக்காந்தா செத்துற மாட்டேன். துணி துவைக்கிற இடத்துல எல்லாரும் என் மூஞ்சியப் பார்ப்பாங்களே, அதுதான்யா என்னைக் கொல்லும்."

டெல்பர்ட் எடுத்த ஒயரைக் கீழே போட்டார். அவள் உடம்புக்கு எது தாங்கும், எது தாங்காது என்று இத்தனை காலமும் கணக்குப் போட்டவர் அவர். அவளை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

மறுநாள் விடிந்ததும் முகாம் சாவியைக் கோரீன் மேசையில் வைத்தார். "யோசிச்சுப் பாருங்க டெல்பர்ட்," என்றாள் அவள். "யோசிச்சாச்சும்மா," என்றார்.

அரசாங்கப் பாலைவன நிலத்தில் கரண்டும் இல்லை, தண்ணீரும் இல்லை. யார் எந்த வண்டியில் வந்தாலும் கேட்பாரில்லை. அங்கேதான் போகிறது என்று நோட்டீஸ் வாங்கினவர்கள் எல்லாரும் பேசி முடித்தார்கள். நெடுநாள் கிடந்த எஞ்சின் இருமி, கறுப்புப் புகை கக்கிக் கிளம்பியது. வண்டியை அந்த மர இடுக்கிலிருந்து வெளியே எடுக்க டெல்பர்ட் தடுமாறினார். நோரீன் சன்னல் பக்கம் மடியில் மருந்துப் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

ஆம்ப்ரோஸ் காப்பிக் குவளையோடு முன்னால் வந்து நின்று கையை ஆட்டினார்.

"ஒடி, ஒடி, இடதுல ஒடிய்யா! மரத்தையும் கூட்டிட்டு வர்றதா உத்தேசமா?"

டெல்பர்ட் ஸ்டீயரிங்கை இடது பக்கம் வளைத்தார்.