வலப்பக்கம் திரும்பினால் வீடு

யுத்த காலத்தில் இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகினேன். நிசமாகப் பறப்பது கிழமைக்கு ஒருக்கால். மற்ற நாளெல்லாம் கொட்டாஞ்சேனை வீட்டுக் கம்ப்யூட்டரில், விமான விளையாட்டில்தான். அதில் கிளம்பியதும் கடலுக்கு மேலே வலப்பக்கம் திரும்பினால் வெள்ளவத்தை, துறைமுகம், எங்கள் வீடு. கம்ப்யூட்டரில் ஆமி இல்லையே.

ஒருநாள் நிச விமானத்திலும் கை தன்பாட்டில் வலப்பக்கம் திருப்பிவிட்டது. பழக்குகிற சேர் பதறிப்போய் இடப்பக்கம் இழுத்தார்.

"துறைமுகத்துக்கு மேல போனால் சுட்டு விழுத்திப்போடுவாங்கள்! எங்க போகப் பாத்தனீர்?"

"வீட்டுக்கு, சேர்."

"அதுக்குத்தான் பஸ் ஓடுது!"

பஸ்ஸில்தான் போனேன். வெள்ளவத்தைச் சோதனைச்சாவடியில் இறக்கிய ஆமிக்காரனும் அதே கேள்வியைச் சிங்களத்தில் கேட்டான். நானும் அதே பதிலைத்தான் சொன்னேன்.

சேராவது நம்பினார்.