தரையில் விரித்த ஊர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டு ஈஸிச்சேரில் சாய்ந்திருந்தேன். வாசலில் யாரோ கூப்பிடுகிற சத்தம். கதவைத் திறந்தால்... முன்பின் பார்த்திராத ஒரு பெண். முப்பது வயதிருக்கும். கையில் மூட்டை, பாதமெல்லாம் செம்மண். பக்கத்தில் பொண்டோக்குப் பெரியவர் காசிம், முகம் வெளுத்துப்போய் நின்றார்.

"கிராணி ஐயா, இவ சாலே பெண்சாதி. கப்பல்ல வந்து இறங்கிட்டா" என்றார்.

என் முகமும் வெளுத்துவிட்டது. ஏன் என்கிறீர்களா? அவளைப் பார்ப்பதற்காகச் சாலே இங்கிருந்து புறப்பட்டுப் போய் அன்றைக்கு ஒன்பதாவது நாள்.

சாலே யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு டாக்டர் துரைக்கு மோட்டார் ஓட்டுகிறவன். முன்பு அதே துரையின் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். குதிரை போய் மோட்டார் வந்தது. குதிரைக்காரன் டிரைவர் ஆனான். நம் ஆட்களோடு பழகிப் பழகி நன்றாகத் தமிழ் பேசுவான். என்னை அண்ணே என்பான், என் மனைவி சிவகாமியை அக்கா என்பான். சொந்த ஊர் பாவேயான். ஜாவாவுக்கு வடக்கே, டச்சுக்காரன் ஆட்சியில், கடலுக்கு நடுவே கிடக்கும் தீவு. நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருக்கும் ரயில்வே ஆபீஸ் மேப்பில் தேடிப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. தீவா, ஈ உட்கார்ந்துவிட்டுப் போன அடையாளமா என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்தப் புள்ளியில் தஞ்சோங் சிரே என்று ஒரு கம்பம், அதாவது கிராமம். நாற்பது வீடு. நான் அங்கே போனதே இல்லை. ஆனால் கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த ஊரில் நடந்து காட்டுவேன் — அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எப்படி? எல்லாம் பொண்டோக்கின் புண்ணியம். தஞ்சோங் சிரேயில் ஆண்பிள்ளைகள் மீசை முளைத்ததும் கப்பல் ஏறிவிடுகிறார்கள். ஏறாதவனுக்குப் பெண் கிடைக்காது. கோலாலம்பூருக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் தங்குகிறார்கள். அந்த வீட்டுக்குத்தான் பொண்டோக் என்று பெயர். நம் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஆற்றோரமாக ஒரு பெரிய அத்தாப்பு ஓலைக் கூரை தெரிகிறதே, அதுதான்.

அங்கே கட்டில் கிடையாது. நீளமான பலகைத் தரை, ஆளுக்கொரு பாய். யார் எங்கே படுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஊரில் வீடுகள் எந்த வரிசையோ, இங்கே பாய்களும் அதே வரிசை. வாசல் பக்கம் கடல். பின்சுவர்ப் பக்கம் மலை. நடுவில் பள்ளிவாசலுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே தொழுகை மட்டும், யாரும் படுப்பதில்லை. ஊரில் அடுத்த வீட்டுக்காரன் இங்கே அடுத்த பாய்க்காரன். அங்கே வேலித் தகராறு என்றால் இங்கே பாய்த் தகராறு. சாலேயின் பாய் பள்ளிவாசலிலிருந்து நாலாவது, மலைப் பக்கம்.

கடிதம் வருவதிலும் ஒரு வழக்கம் உண்டு. ஊரிலிருந்து யாராவது வந்தால் எல்லா வீட்டுக் கடிதமும் ஒரே கட்டாக வரும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் காசிம் அவற்றை ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பார். யாருக்கு வந்தாலும் எல்லாரும் கேட்பார்கள். இங்கிருந்து போகும் கடிதங்களும் அங்கே இப்படியேதான் படிக்கப்படும். ஊரே ஒரு குடும்பம், இதில் என்ன ரகசியம் என்பது அவர்கள் கட்சி. ஆகா, என்ன ஒற்றுமை என்று நானும், பத்திரிகையில் வாராவாரம் எழுதும் இதே பத்தியில், ஒரு முறை புகழ்ந்து எழுதியிருக்கிறேன்.

அன்றைக்கே சிவகாமி சொன்னாள். "பொண்டாட்டி எழுதுறத ஊரே உக்காந்து கேட்டா அவ என்னத்த எழுதுவா? ஆடு குட்டி போட்டத எழுதுவா."

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஊர்ப் பெண்கள் தாழை ஓலையில் பாய் பின்னுகிறவர்கள். அவரவர் புருஷனுக்கு அவ்வப்போது ஒரு பாய், கடிதக் கட்டோடு வந்து சேரும். ஒற்றைப் பாய் — ஒருவர் படுக்கிற அகலம். இந்தத் தடவை சாலேக்கு வந்தது இரட்டைப் பாய். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆடு குட்டி போட்டிருக்கிறதாம்.

பொண்டோக்கில் மூன்று நாள் இதே பேச்சு. கடைசியில் தீர்ப்பு வந்தது. சாலே இங்கே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று எவனோ ஊரில் போய்ச் சொல்லிவிட்டான். 'இரண்டு பேருமாகப் படுத்துக்கொள்ளுங்கள்' என்று குத்திக்காட்டித்தான் அவள் அந்தப் பாயை அனுப்பியிருக்கிறாள். கிள்ளானில் ஒருவன் அப்படி இரண்டாவது கட்டிக்கொண்டது உண்மை. ஆனால் அது வேறு ஆள்.

சாலே என்னிடம் வந்து அழுதான். "ஆறு வருசம் ஆச்சு அண்ணே, ஊருக்குப் போயி. அடுத்த வருசம் வரேன், அடுத்த வருசம் வரேன்னே எழுதிட்டேன். அவ நம்பாம போனா தப்பு என்மேலதானே? கடுதாசில எப்படிக் கேக்குறது... ஊரே கேக்குமே."

நேரில் போ என்றேன். யோசனை சொல்வதற்கு நமக்குக் கேட்கவா வேண்டும்? மேற்குக் காற்று தொடங்குகிற சமயம் வேறு. தொடங்கிவிட்டால் அந்தத் தீவுக்குப் படகு போகாது, அங்கிருந்து வராது — மூன்று நாலு மாதத்துக்கு. அதற்குள் போய்ச் சேர்ந்துவிடு என்று அவசரப்படுத்தி, ஸ்டேஷனுக்குப் போய் நானே சிங்கப்பூர் ரயிலில் ஏற்றிவிட்டு வந்தேன்.

அப்படி அவனை ஏற்றிவிட்ட புண்ணியவானின் வாசலில்தான் அவன் மனைவி நின்றாள். பெயர் ஹஸானா. பொண்டோக்கில் ஆண்கள் மட்டும்தான். ஒரு பெண்ணை எங்கே தங்கவைப்பது என்று தெரியாமல் காசிம் எங்களிடம் அழைத்து வந்திருக்கிறார்.

"வாசல்லயே நிக்கவச்சுப் பேசுறீங்களே, உள்ள வரச் சொல்லுங்க" என்றாள் சிவகாமி.

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, தனக்குத் தெரிந்த பாசார் மலாயில், அந்தச் சந்தைப் பேச்சில், விஷயத்தைச் சொன்னாள். உன் புருஷன் உன்னைப் பார்க்கத்தான் போயிருக்கிறான், அந்தப் பாயைக் கண்டு பயந்து போயிருக்கிறான் என்றாள். அவன் ஏன் பயந்தான் என்பதுதான் ஹஸானாவுக்குப் புரியவில்லை.

"ரெண்டு பேர் படுக்குற பாய். நானும் வரேன்னு அர்த்தம். இதுல புரியாம போறதுக்கு என்ன இருக்கு?"

"கடுதாசில ஒரு வரி எழுதியிருக்கலாமே" என்றேன் நான்.

"எங்க கம்பத்துல பொம்பளை யாரும் கடல் தாண்டுனதில்ல. எழுதினா ஊரே கேக்கும். அப்புறம் படகுல ஏற விடுவாங்களா?"

ஜாவாவிலுள்ள சுராபாயாவுக்கு வைத்தியம் பார்க்கப் போன ஓர் உறவுக்காரிக்குத் துணையாகப் புறப்பட்டவள், அங்கிருந்து சிங்கப்பூர்க் கப்பல் ஏறிவிட்டாள். இவள் கப்பல் வடக்கே வந்திருக்கிறது. அவன் கப்பல் தெற்கே போயிருக்கிறது. நடுக்கடலில் எங்கேயோ இருவரும் ஒருவரையொருவர் தாண்டிப் போயிருப்பார்கள்.

மூட்டையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சிவகாமியிடம் கேட்டாள். "அவருக்கு இங்க வேற யாராச்சும் இருக்காங்களா அக்கா? மறைக்காம சொல்லுங்க. இருந்தா பாத்துட்டுப் போயிடுறேன். இல்லன்னா இங்கயே இருந்துடலாம்னு வந்தேன்."

"ஒருத்தியும் இல்ல. ஞாயித்துக்கிழமையானா இதே இடத்துல உக்காந்து உன்னப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருப்பான்."

அப்போதுதான் அழுதாள். "வீடு பூட்டியிருக்கும் அக்கா. என்னைக் காணோம்னா அவரு என்ன நினைப்பாரு?"

அந்தத் தீவுக்குத் தந்தி கிடையாது. கடிதம் எழுதலாம் — அவன் கைக்குப் போவதற்குள் ஊர் படித்துவிடும். அதற்கும் முன்னால் காற்று மாறிவிடும்.

ஹஸானா எங்களோடு ஐந்து வாரம் இருந்தாள். எங்கள் வீட்டில் மீன் வாசனையே கிடையாது. அவளுக்கோ மீன் இல்லாமல் சோறு இறங்காது. சிவகாமி பின்கட்டில் தனியாக ஓர் அடுப்பு போட்டுக் கொடுத்தாள். மழை பெய்த நாளில், ஆயுசில் மீனைத் தொடாத என் மனைவி, அந்த அடுப்புக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். மூக்கை மட்டும் முந்தானையால் மூடியிருந்தாள்.

இன்னொரு நாள் ஆபீஸிலிருந்து வந்தால் பக்கத்து குவார்ட்டர்ஸ் ஜனங்கள் எல்லாம் தெருவில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் வீட்டுக் கூரையில் ஹஸானா. ஒழுகுகிறது என்று நான் மூன்று தடவை மனுப் போட்டும் எவனும் வந்து பார்க்காத கூரை அது. கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓடுகளை நகர்த்தி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் ஊரில் கூரை மேய்வது பெண்கள். வயலில் நாற்று நடுவதும் பெண்கள், மலையிலிருந்து மான் இறங்கி வந்து பயிரைத் தின்றால் விரட்டுவதும் பெண்கள். வேறு யார் இருக்கிறார்கள் அங்கே?

ஒரு நாள் எனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ளும் ஆசை வந்தது. தரையில் காப்பித் தம்ளர்களையும் தீப்பெட்டிகளையும் அடுக்கி தஞ்சோங் சிரேயை வைத்துக் காட்டினேன். இது கடல், இது மலை, இது பள்ளிவாசல், இது உன் வீடு. ஹஸானா பார்த்தாள். கடலோரத்துத் தம்ளர் ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தாள். அந்த வீடு இரண்டு மழைக்கு முன்பே விழுந்துவிட்டதாம். இன்னொன்றை நகர்த்தினாள். அங்கே கிணறு உப்பாகிவிட்டதால் மேலே குடி போய்விட்டார்களாம். மூன்றாவதைக் கவிழ்த்தே வைத்துவிட்டாள். அதில் இருந்த கிழவர் காலமாகிவிட்டார்.

நான் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பேன் என்றேனே, அந்த ஊர் இப்போது இல்லை. ஆண்கள் புறப்பட்ட அன்று எப்படி இருந்ததோ அப்படியே அவர்கள் பாயை விரித்துப் படுத்துக்கொண்டிருக்கிறார்கள். பெண்கள் ஏன் எழுதவில்லை? என் வீடு விழுந்துவிட்டது என்று ஊர் கூடிக் கேட்கிற கடிதத்தில் எந்தப் பெண் எழுதுவாள்? ஆடு குட்டி போட்டது என்றுதான் எழுதுவாள். ஊரிலிருந்து புதிதாக வருகிற பையன்களும் எல்லார் முன்னாலும் இதைச் சொல்லத் துணியமாட்டார்கள். சிவகாமி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம்.

இந்தச் சேதி எப்படியோ பொண்டோக்குக்குப் போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எல்லாரும் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் கூட்டமாக வீட்டுக்கு வரவில்லை. மற்றவர்கள் மழைமரத்தடியில் தள்ளி நிற்க, ஒருவன் மட்டும் வருவான். படலுக்கு வெளியே நின்று, தன் வீட்டைப் பற்றி ஹஸானாவிடம் தாழ்ந்த குரலில் கேட்பான். கேட்டுவிட்டுப் போவான். பிறகு அடுத்தவன். வெள்ளிக்கிழமைதோறும் எல்லாருடைய கடிதத்தையும் சேர்ந்தே கேட்டவர்கள், அன்றைக்கு ஒருவன் பேசும்போது மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். காசிமும் வந்தார், கடைசி ஆளாக. என்ன கேட்டாரோ, கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார்.

கடலோர வீடு மாட் நோர் என்பவனுடையது. வீடு விழுந்ததும் அவன் மனைவி தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று சாயங்காலமே மாட் நோர் தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் மைத்துனன் பாய்க்குப் பக்கத்தில் விரித்துக்கொண்டானாம். யாரும் எதுவும் கேட்கவில்லையாம்.

சாலேயிடமிருந்து மட்டும் ஒரு தகவலும் இல்லை. கார்த்திகை பிறந்தது. காற்று மாறிவிட்டது என்று சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவன் சொன்னான். அன்று ஹஸானா அடுப்பு மூட்டவில்லை. பசிக்கவில்லை என்றாள். நான்தானே அவனை ரயிலேற்றினேன்? எனக்கும் சோறு இறங்கவில்லை.

இவ்வளவு நடந்தும் ஐந்து வாரமாக இந்தப் பத்தியில் மழை, சந்தை, ரயில் தாமதம் என்று எதையெதையோ எழுதிக்கொண்டிருந்தேனே, ஏன் தெரியுமா? சிவகாமியின் உத்தரவு. "அவ வந்திருக்கிறது அவ புருசனுக்குத் தெரியறதுக்கு முந்தி உங்க பேப்பர் படிக்கிறவங்களுக்குத் தெரிய வேணாம்" என்று சொல்லிவிட்டாள். யோசித்துப் பார்த்தேன். வாராவாரம் வீட்டு விஷயத்தை எடுத்து உரக்கப் படிக்கிறவன்தானே நானும்?

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் படலைத் திறந்துகொண்டு சாலே வந்தான். ஸ்டேஷனிலிருந்து நேராக எங்களிடம். தாடி வளர்ந்து, ஆள் பாதியாகியிருந்தான். ஊரில் போய் இறங்கினால் வீடு பூட்டியிருக்கிறது. பூட்டைப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டானாம். "போயிட்டா, என்னை விட்டுட்டே போயிட்டான்னு நினைச்சேன் அண்ணே" என்றான். சுராபாயாவிலிருந்து திரும்பிய உறவுக்காரி சொல்லித் தெரிந்துகொண்ட பக்கத்து வீட்டுப் பெண் வந்து, உன்னைத் தேடித்தானே போயிருக்கிறாள் என்று சொன்னதும், கொண்டுபோன மூட்டையைக்கூட அவிழ்க்காமல் அதே படகில் திரும்பியிருக்கிறான். காற்றுக்கு முன் கிளம்பிய கடைசிப் படகு அதுதானாம்.

சொல்லிக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்தினான். உள்ளேயிருந்து ஹஸானா வந்து நிலைப்படியில் நின்றாள்.

ஆறு வருஷம். நான் ஈஸிச்சேரை இழுத்துப் போட்டுக்கொண்டேன். பார்க்கவேண்டாமா பின்னே? சிவகாமி என் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"எழுந்திரிங்க. வெளிய போங்க."

"என் வீட்டிலிருந்தா?"

"ஆமா."

என்னை வாசலுக்குத் தள்ளி, அவர்கள் இருவரையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். தானும் உள்ளே இருக்கவில்லை. பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். சாலேயைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்த பொண்டோக்கு ஆட்கள் மழைமரத்தடியில் காத்திருந்தார்கள். ஒருவனும் கிட்டே வரவில்லை. விளக்கு வைக்கிற நேரமாகியும் எங்கள் வீட்டில் மட்டும் விளக்கு வைக்கவில்லை.

கதவு திறந்தபோது இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. சாலே சிரித்தான். "அக்கா, இதே ஊர்ல, கம்போங் பாருல ஒரு ரூம் பாக்கணும். இவ ஊருக்குத் திரும்பிப் போக மாட்டேங்குறா" என்றான். ஹஸானா அவனுக்குப் பின்னால் நின்று சிவகாமியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

வாசகர்கள் பலபேர் கேட்பீர்கள்: ஆறு வருஷம் கழித்து அந்த இரண்டு பேரும் என்னதான் பேசிக்கொண்டார்கள்?

கதவு சாத்தியிருந்தது, ஐயா.