டேப்பைத் தொடாத தவமணி அக்கா

தவமணி அக்கா காலமான செய்தி வந்தபோது, நான் அவர் தைத்த கவுனின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மகளை ஒரு விருந்துக்கு அழைத்துப் போக வேண்டும். கவுனோ அவள் தோளில் நிற்காமல் வழுக்கி விழுந்தது. ‘இந்த அக்காவுக்கு எத்தனை தடவைதான் சொல்வது’ என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு பக்கத் தையலைப் பிரித்து முடித்திருந்தேன். தொலைபேசியில் அவர் கணவர் முத்தையா அண்ணன் பேசினார்.

“உங்க அக்கா போயிட்டாம்மா. விடியக்காலையில நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.”

இறந்தவரைப் பற்றி நல்லதையே சொல்ல வேண்டும் என்பார்கள். நல்லதையும் சொல்கிறேன். ஆனால் எரிச்சலை விட்டுவிட்டு எழுதினால், அது வேறு யாரோ ஒருவருக்கு எழுதிய அஞ்சலியாகிவிடும்.

பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் எங்களுக்கு அடுத்தடுத்த மேசை. ஓர் உலோகத் துண்டு மயிரிழை கூடியிருந்தாலும் அக்கா கருவியை எடுக்கும் முன்பே கண்ணால் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவார். பிறகு அளந்து பார்த்தால் அவர் சொன்னது சரியாகவே இருக்கும். அப்படிப்பட்டவர் வீட்டுக்குப் போனதும் பொழுதுபோக்காகக் குழந்தைத் துணி தைப்பார். யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அக்காவின் சட்டை போய்ச் சேரும். ஒன்றாவது அளவாக இருக்க வேண்டுமே! அளவெடுக்கும் டேப்பை மட்டும் அவர் தொடவே மாட்டார்.

“பிள்ளைய அளக்கக் கூடாது லா. அளந்தா அந்த அளவுலயே நின்னுரும்” என்பார். அவர் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்களாம்.

“சரி, பிள்ளையோட பழைய சட்டைய வாங்கி அளக்கலாம்ல அக்கா?”

“அதுவும் பிள்ளை போட்டதுதானே?”

நான் என் வேலையைப் பார்க்கத் திரும்பினேன்.

பாயா ரும்புட் ஊர்க் கோயிலில் எங்கள் சூப்பர்வைசரின் மகனுக்குக் காது குத்தினார்கள். அக்கா தைத்த ஜிப்பாவுக்குள் பிள்ளையின் கை எங்கே இருக்கிறதென்று மூன்று பேர் தேடினோம். காற்சட்டை சாமி சன்னிதியிலேயே கழன்று விழுந்தது. அக்கா கொஞ்சமும் அசரவில்லை. “வளருவான் லா” என்று சொல்லிவிட்டு இன்னொரு வடை எடுத்துக்கொண்டார். தன் பேத்திக்கு அக்கா தைத்த பாஜு சட்டை தனக்கே சரியாக இருக்கும் போலிருக்கிறது என்று உடன் வேலை செய்த மலாய்க்கார அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வளவு அழகான தையலை இப்படி வீணடிக்கிறாரே என்று ஆத்திரம்தான் வந்தது.

பிறகு என் முறை வந்தது. என் மகள் ஏழாம் மாதமே பிறந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் என் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிதாகக் கிடந்தாள். பிழைப்பாளா என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். கடையில் எந்தச் சட்டையும் அவளுக்குப் பொருந்தவில்லை. அக்காவிடம் கெஞ்சினேன்.

“இந்த ஒரு தடவை மட்டும் அக்கா. நர்ஸ் அளந்து எழுதி வச்சிருக்காங்க, நானே சொல்றேன். அளவா ஒன்னு தைச்சுத் தாங்க.”

“சரிம்மா” என்றார். நான் சொன்ன அளவைத் தாளில் எழுதியும் கொண்டார்.

கொண்டுவந்தது வெள்ளைப் பருத்தித் துணியில் மஞ்சள் பூப்போட்ட கவுன். தோலில் உரசாமலிருக்கத் தையலெல்லாம் வெளிப்பக்கம். பொத்தானுக்குப் பதில் மெல்லிய நாடா. என் மகளைப் போல் இரண்டு பேரை அதற்குள் படுக்க வைக்கலாம்.

“என் பிள்ளை இதுக்குள்ள காணாமப் போயிருவா! அளவு சொல்லியும் ஏன் அக்கா இப்படிப் பண்றீங்க?” என்று ஆஸ்பத்திரி நடைபாதையில் எல்லாரும் பார்க்கக் கத்தினேன்.

“வளருவா லா” என்றார்.

மகளை ஒரு துண்டில் சுற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு மாதம் அக்காவின் அழைப்பை எடுக்கவில்லை. கவுனைத் தொட்டிலுக்கு எதிரே ஆணியில் மாட்டியிருந்தேன். தினமும் அதைப் பார்ப்பேன், தினமும் கோபம் வரும். ஐந்தாம் மாதம் ஒரு காலையில் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். அக்காவிடமிருந்து ஒரே வரி வந்தது: “அடுத்ததுக்குத் துணி வெட்டியாச்சு.”

இப்போது மகளுக்கு ஆறு வயது. அக்காவின் துணிகள் எல்லாம் அப்படித்தான் வந்தன, எல்லாமே பெரிது.

துக்க வீட்டில் முத்தையா அண்ணன் என்னைக் கண்டதும், “பிள்ளை கவுன போட்டுச்சாம்மா?” என்று கேட்டார்.

அந்த நேரத்திலும் பொய் சொல்ல வரவில்லை. “பெருசா இருக்கண்ணே” என்றேன்.

அழுத கண்ணோடு சிரித்தார். “மொதல் கவுன ஆஸ்பத்திரிக்குத் தைச்சப்ப நானும் கேட்டேன்மா, அளவுதான் சொல்லிட்டாங்களே, ஏன் பெருசா வெட்டுறேன்னு. ‘இந்த அளவுக்குத் தைச்சா அந்தப் பொண்ணு இந்த அளவையே பார்த்துக்கிட்டு அழுவா. பெருசா இருந்தா, இது சரியா வர்ற வரைக்கும் பிள்ளை இருக்கும்னு நம்புவா’ன்னு சொன்னா.”

ஆறு வருடத்தில் இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? அதற்கும் அவர் மீது கோபம்தான் வந்தது. கோபத்தோடுதான் அழுதேன்.

வீட்டுக்கு வந்து, பிரித்த தையலை அதே தடத்தில், அதே தப்பான அளவில் திரும்பத் தைத்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு மகள் அதைத்தான் போட்டுக்கொண்டாள். கவுனின் கை அவள் விரல் நுனி வரை வந்தது.

“லூசா இருக்கும்மா” என்றாள்.

“வளருவ லா” என்றேன்.

போய் வாருங்கள் அக்கா. இந்தத் தடவையும் அளவு தப்புதான்.