தொட்டில் இல்லை, படகு

தேக்குப் பட்டைகளை ஒட்டி இழைத்து, நானே செய்கிற ரிமோட் படகு. மேல்தளம் இன்னும் போடவில்லை. தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க, அதை மடியில் வைத்துக்கொண்டு இன்று சங்கரன்கோவிலில் வாசுதேவநல்லூர் பஸ் ஏறினேன். அங்கேதான் குளத்தில் தண்ணீர் கிடக்கிறது.

பக்கத்து சீட் அக்கா குனிந்து பார்த்தார்.

“சாமிக்கு நேந்த தொட்டிலாம்மா? கல்யாணமாயி எத்தன வருசமாச்சு?”

“கல்யாணமே ஆகலக்கா. இது படகு. ரிமோட்ல ஓட்டப் போறேன்.”

“அப்ப ரெண்டும் நடக்கட்டும். பிள்ள பொறந்து ஓட்டட்டும்.”

தலையிலிருந்த பிச்சிப்பூவில் கொஞ்சம் கிள்ளி உள்ளே போட்டார்.

குளத்தில் விட்டதும் படகின் இடப்பக்கம் கசிந்தது. உள்ளே பூ மிதந்தது.

வீட்டுக்கு வந்ததும் கசிந்த பட்டையைப் பெயர்த்துவிட்டேன். புதிதாக ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே பஸ்.

அதற்குள் மேல்தளமும் போட்டு மூடியாக வேண்டும். இல்லாவிட்டால் பஸ்ஸிலேயே எனக்கு வளைகாப்பு நடத்திவிடுவார்கள்.