நடக்காத நாலு கிலோமீட்டர்

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் பத்தொன்பது வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறேன். ஓரிக்கை, திருப்புட்குழி, வாலாஜாபாத் என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன். ஆனால் எதிர்ப்பக்கம் டீக்கடைக்குப் போவதென்றாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டுதான் போவேன். அப்படிப்பட்டவன் வேளாங்கண்ணிக்கு நடக்கக் கிளம்பினேன் என்றால் அதற்கு என் மனைவியின் வேண்டுதல்தான் காரணம்.

போன வருஷம் மழையில் ஆட்டோ கவிழ்ந்து என் வலது கால் முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "இவர் எழுந்து நடந்தா, நான் உங்க கோயிலுக்கு நடந்தே வரேன்" என்று அவள் மாதாவிடம் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. எங்கள் சர்ச்சிலிருந்து வருஷா வருஷம் கிளம்பும் கூட்டத்தில் பேர் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் சொன்னாள்.

"நீங்க வீட்ல இருங்க. பதினோரு நாள்ல போய்ச் சேந்துடுவோம்."

முறிந்தது என் கால், நடக்கப் போவது அவள் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. "நானும் வரேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் பட்டுக் கடையில் சேலை எடுத்துக் காட்டுகிறவள். காலையிலிருந்து ராத்திரி வரை நின்றே பழகியவள். நான் உட்கார்ந்தே பழகியவன். அதை அப்போது யோசிக்கவில்லை.

விடியும்போது கிளம்பினோம். முப்பது பேர் இருப்போம், எல்லோரும் காவி உடுத்தியிருந்தோம். முன்னால் மாதா சொரூபம் வைத்த வேன் பாட்டுப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போனது. நாங்கள் தாண்டிய தெருவில் அந்த நேரத்துக்கே இரண்டு வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. செவிலிமேட்டுப் பாலத்தில் ஏறினோம். ஆயிரம் தடவை வண்டியில் கடந்த பாலம்தான். அது இவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கீழே பாலாறு மணலும் முள்ளுச் செடியுமாகக் கிடந்தது. நடுவில் ஒரு குட்டைத் தண்ணீரில் கொக்குகள் நின்றிருந்தன. வண்டியில் போனவன் கண்ணில் அவை பட்டதே இல்லை. மனசு லேசாக இருந்தது.

மத்தியானம் வரை தாக்குப்பிடித்தேன். ஒரு மாந்தோப்பில் ஊர்க்காரர்கள் புளிசாதம் கொடுத்தார்கள். சாப்பிட்டு எழுந்தபோது வலது கணுக்கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. கூட்டத்தை நடத்தி வந்தவர் பார்த்துவிட்டார்.

"அண்ணே, வேன்ல ஏறிக்குங்க. ஒண்ணும் தப்பில்ல."

வேனில் மூட்டைகளோடு எழுபது வயது தாண்டிய இரண்டு பெண்கள் இருந்தார்கள். நான் ஏற மறுத்துவிட்டேன். இன்னும் கொஞ்ச தூரம் போன பிறகு காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. மனைவியிடம், "நீ கூட்டத்தோட போய்க்கினே இரு. நான் ஒதுங்கிட்டு மெதுவா வரேன்" என்றேன். என் காலை ஒரு தடவை பார்த்தாள். கூட்டத்தோடு போனாள்.

புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். அவர்கள் தலை மறைந்து வெகுநேரம் கழித்து ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. கை தானாக நீண்டது. ஏறிவிட்டேன்.

உள்ளே வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். என் காவி வேட்டியைப் பார்த்தார், காலைப் பார்த்தார். எங்கள் கூட்டத்தை வண்டி நெருங்கியபோது நான் துண்டைத் தலையில் போட்டு முகத்தை மூடிக்கொண்டு குனிந்தேன். துண்டின் ஓரத்தில் என் மனைவி தெரிந்தாள். அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தாள்.

ராத்திரி தங்கப்போகும் ஊருக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கி, ஒரு பம்ப்செட் அறைக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். கூட்டம் கடந்ததும் பின்பக்கமாக வந்து சேர்ந்துகொண்டேன்.

"அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்றாள்.

"வயல்ல பூந்து வந்தேன்."

அந்த ஊரில் சமணக் குடும்பங்கள் அதிகம். நயினார் வீடு என்று சொல்வார்கள். அப்படி ஒரு விவசாயி வீட்டில் வருஷா வருஷம் எங்கள் கூட்டத்துக்குச் சாப்பாடு போடுவார்களாம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பது அவர்கள் வழக்கம். அதனால் ஐந்து மணிக்கே இலை போட்டார்கள். வெள்ளைத் துணியில் வடிகட்டிய தண்ணீரை டம்ளர் டம்ளராக வைத்தார்கள். சோறு கொண்டுவந்த வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தேன். ஷேர் ஆட்டோவில் இருந்த பெரியவர்!

அவருக்கும் என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. இலையில் சோற்றை வைத்தார்.

"இவர் கால்ல கம்பி இருக்குதுங்க ஐயா. அந்தக் காலோட முழுசா நடந்து வந்தாரு" என்றாள் என் மனைவி.

"அப்படியா? நல்லா சாப்பிடுங்க. மோர் ஊத்தட்டுமா?" என்றார் அவர்.

எடுத்த கவளத்தை இலையில் வைத்தேன். "ஐயா, நீங்க சொல்லிடுங்க" என்றேன்.

"நான் என்னத்தப்பா சொல்றது?"

அவள் பக்கம் திரும்பினேன். "நான் நடக்கல. ஷேர் ஆட்டோல வந்தேன்."

அவள் சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "தெரியும்" என்றாள். "பச்சைக் கட்டம் போட்ட துண்டு. தினம் தொவைக்கிறவளுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் அவர்கிட்ட அப்படிச் சொன்ன?"

"நீங்களே சொல்றீங்களானு பாத்தேன்."

பெரியவர் மோர்ச் சொம்போடு உள்ளே போய்விட்டார். சிரித்தாரோ என்னவோ.

சாப்பிட்டதும் அவரிடம் போய், "நான் ஆட்டோ ஏறின புளியமரத்தாண்ட என்னைக் கொண்டுபோய் விடமுடியுங்களா? அந்த நாலு கிலோமீட்டரை நடந்துட்டு வரேன்" என்று கேட்டேன். மனைவி தடுத்தாள். "மாதா அதெல்லாம் பாத்துக்கினு இருக்க மாட்டாங்க. நாளைக்கு வேற நடக்கணும்" என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் வெறுங்காலோடு அவள் நடந்ததைத் துண்டுக்குள்ளிருந்து பார்த்தவன் நான். பெரியவர் மொபெட்டை எடுத்தார். மரத்தடியில் இறக்கிவிட்டு, "கூடவே மெதுவா ஓட்டிக்கினு வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

வெயில் தணிந்திருந்தது. வேர்க்கடலைக் கொல்லையில் மயில்கள் மேய்ந்தன. பத்தடி நடந்து நின்று, மறுபடி பத்தடி நடந்தேன். பாதிக்கு மேல் வந்ததும் முடியவில்லை. ஒரு சிறுபாலத்துக் கட்டையில் உட்கார்ந்து காலை நீட்டினேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது.

அப்போது எதிரே அவள் வந்தாள். யாரோ கொடுத்த ரப்பர் செருப்பு, கையில் தண்ணீர் பாட்டில். பக்கத்தில் உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் நீவிவிட்டாள்.

"ஏம்மா, நீ எதுக்கு மறுபடியும் நடந்த?"

"சும்மா உக்காந்துக்கினு இருக்கச் சொல்றீங்களா?"

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை நடந்தேன். போகும்போது, அவள் கடைக்கு வந்த ஒரு கல்யாண வீட்டார் முப்பது சேலையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு முதல் சேலையையே எடுத்துக்கொண்டு போன கதையைச் சொன்னாள். ஊருக்குள் நுழையும்போது நன்றாக இருட்டியிருந்தது.

மறுநாள் காலை யாரும் சொல்லாமல் நானே வேனில் ஏறிக்கொண்டேன். நான்காம் நாள் வீக்கம் வடிந்தது. அதற்கப்புறம் பாதி நடை, பாதி வேன். வேளாங்கண்ணி போய்த் திரும்பியதும் ஸ்டாண்டில் எல்லோரும் கேட்டார்கள். ஷேர் ஆட்டோ கதையையும் சேர்த்து அப்படியே சொன்னேன்.